இரும்புத் தாழ்ப்பாள், ஊஞ்சல் சங்கிலிக்குப் பழைய செம்பு நிறம் வரவைக்க முடியுமா?

தேக்குக்கதவு:
பழைய வீட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். தேக்குக் கதவுகளைச் சுரண்டி எண்ணெய் பூசியதும் நன்றாக வந்துவிட்டன. ஆனால் தாழ்ப்பாள், நாதாங்கி, கீல், கூடத்து ஊஞ்சல் சங்கிலி எல்லாமே இரும்பு, யாரோ எப்போதோ சில்வர் பெயிண்டை அப்பி வைத்திருக்கிறார்கள். பித்தளையிலோ வெண்கலத்திலோ மாற்றலாம் என்று விலை கேட்டேன், பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். இருப்பதையே பழைய செம்பு மாதிரி ஆக்க வழி உண்டா? கடையில் கிடைக்கிற காப்பர் ஸ்ப்ரே அடித்த வீடு ஒன்றைப் பார்த்தேன், பொம்மைக் கடை மாதிரி இருந்தது. அது வேண்டாம்.

சோதனைக்குழாய்:
மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கித் தண்ணீரில் கரைத்து, இரும்பை நன்றாகத் தேய்த்து உள்ளே போடுங்கள். நிமிஷத்தில் செம்பு ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் ஆணியை வைத்துச் செய்ததுதான், செலவே இல்லை.

தூரிகை:
மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நிறம் ஏறும், உண்மை. ஆனால் இரும்பு கரைந்து வெளியேற அந்த இடத்தில் செம்பு வந்து படிவதால் பிடிப்பே இருக்காது, விரலால் தேய்த்தாலே வந்துவிடும். அதைவிட மோசம், நடுவில் விட்டுப்போன பொட்டு இடங்களில் ஈரம் பட்டால், பக்கத்தில் செம்பு இருப்பதாலேயே இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

பெயிண்டிலேயே செய்யலாம், பொம்மைக் கடை மாதிரி வராமல். முதலில் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய பெயிண்டை எடுங்கள். பழைய வீடு என்பதால் சில்வருக்கு அடியில் ஈயம் கலந்த சிவப்புப் பூச்சு இருக்கலாம், அதனால் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து, முகத்துக்கு மாஸ்க் போட்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் (துருத் தடுப்பு அடிப்பூச்சு) அடியுங்கள். அது காய்ந்ததும் மேட் கறுப்போ அடர் காப்பிப்பொடி நிறமோ முழுக்க அடித்துவிடுங்கள்.

செம்பு இதற்குப் பிறகுதான். காப்பர் பெயிண்டில் பிரஷ் நுனியை மட்டும் தொட்டு, பழைய செய்தித்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கிட்டத்தட்ட காயவைத்துவிட்டு, மேடான இடங்களில் சும்மா உரசினாற்போல் இழுங்கள். பழைய சாமான் எதையாவது எடுத்துப் பாருங்கள், கை படுகிற விளிம்பும் குமிழும்தான் மினுங்கும், ஆணித்தலையைச் சுற்றியும் மூலையிலும் கறுத்துத்தான் கிடக்கும். ஸ்ப்ரேக்காரர்கள் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மினுக்கிவிடுவதால்தான் பொம்மை மாதிரி ஆகிறது. வெண்கலம் வேண்டுமானால் காப்பரோடு கொஞ்சம் கோல்டும் துளி பிரவுனும். பச்சைக் களிம்பு நிறம் வேண்டாம் என்பேன், வீட்டுக்குள் இருக்கிற தாழ்ப்பாளில் அது எங்கே வரப்போகிறது!

கடைசியில் மேட் கிளியர் (பளபளக்காத, நிறமில்லாத மேல்பூச்சு) ஒரு கோட். அது இல்லாவிட்டால் காப்பர் பவுடர் நாளடைவில் கறுத்துவிடும். ஆனால் எனாமல் பெயிண்ட் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிக்காதீர்கள், அடியில் இருப்பது சுருங்கித் தோல் மாதிரி எழும்பிவிடும்.

பட்டறை:
தூரிகை சொன்னது சரி. நிஜச் செம்புதான் வேண்டுமென்றால் முலாம் பட்டறையில் 'ஆன்டிக் காப்பர்' என்று கேளுங்கள். அவர்களும் இரும்பை நேராக மயில்துத்தத் தொட்டியில் விடமாட்டார்கள், முதலில் சயனைடு கலந்த செம்புக் கரைசலிலோ நிக்கலிலோ மெல்லியதாக ஒரு அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல்தான் கனமாகச் செம்பு ஏற்றுவார்கள். பிறகு சல்ஃபைடு கரைசலில் கறுக்கவைத்து, மேட்டை மட்டும் பஃப் போட்டு லாக்கர். வீட்டில் செய்கிற வேலை இல்லை. நாலு கைப்பிடிக்கு மட்டும் கொடுத்தால் கட்டுப்படியாகாது, மொத்தமாகக் கொடுங்கள்.

கொல்லர் யாராவது தெரிந்தால் இன்னொன்றும் உண்டு. இரும்பைப் பழுக்காத அளவுக்குச் சூடாக்கிப் பித்தளைக் கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்தால் பித்தளை ஒட்டி மங்கலான பொன்னிறம் வரும், சூட்டோடு தேன்மெழுகு தடவிவிடலாம். வெயில் மழை படாத சாமானுக்கு மட்டும். துத்தநாகம் பூசின புதுக் கீலை அப்படிச் சூடாக்கவே கூடாது, அந்தப் புகை ஆகாது.

தேக்குக்கதவு:
ரொம்ப நன்றி. தாழ்ப்பாளுக்குத் தூரிகை சொன்ன வழிதான். சங்கிலியைக் கொல்லரிடம் கொடுக்கலாமா?

பட்டறை:
வேண்டாம், ஆள் உட்காருகிற சங்கிலிக்குத் தீ காட்டவே வேண்டாம்.

தூரிகை:
பெயிண்டும் நிற்காது. கண்ணியும் கண்ணியும் உரசுகிற இடத்தில் உதிர்ந்து, உட்காருகிறவர் சட்டையில்தான் விழும். உரசும் இடங்களை விட்டுவிட்டு நீளக் கம்பிகளுக்கு மட்டும் அடியுங்கள், கண்ணிகளில் மெழுகு போதும். கழற்றும்போதே கொக்கி, கண்ணி எதுவும் தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று பார்த்து, மெலிந்ததை மாற்றிவிடுங்கள்.

ஸ்க்ரூவை மறந்துவிடாதீர்கள், கறுத்த தாழ்ப்பாளில் வெள்ளை ஸ்க்ரூ பல்லிளிக்கும். புது ஸ்க்ரூ என்றால் துத்தநாகப் பூச்சு இருக்கும், ரெட் ஆக்சைடு அதில் நிற்காது, எட்ச் பிரைமர் (வழவழப்பான உலோகத்திலும் பிடிக்கிற அடிப்பூச்சு) கேட்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் வரிசையாகக் குத்திவைத்துத் தலைக்கு மட்டும் அடித்தால் போதும். தெர்மோகோலில் குத்தாதீர்கள், தின்னர் பட்டால் கரைந்துவிடும்.