ஜமக்காளக் கடையின் இணையதளம்: முகப்பு முழுவதையும் ரியாக்டில் எழுதியது தவறா?

பவானிக்கரை (கேள்வி):

வணக்கம். பவானியில் எங்கள் குடும்பத்துக்கு ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வைகளும் விற்கும் கடை இருக்கிறது. அதற்கான இணையக் கடையின் முகப்பை, அதாவது வாங்குபவர் திரையில் பார்க்கும் பகுதியை, நானே ரியாக்டில் (பக்கங்களைப் பிரவுசரில் உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு) எழுதி வருகிறேன். மொத்தம் 140 பொருள்கள். என் மடிக்கணினியில் எல்லாம் உடனே திறக்கின்றன; ஆனால் அந்தியூரில் இருக்கும் எங்கள் பெரியம்மா தம் கைப்பேசியில் திறந்தபோது, நெடுநேரம் வெள்ளைத் திரையையே பார்த்திருந்துவிட்டு மூடிவிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணச் சீருக்கு ஜமக்காளம் எடுப்பவர்கள், பொருளின் இணைப்பை உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கலந்து பேசிய பிறகே வாங்குகிறார்கள். எந்தப் பொருளின் இணைப்பை அனுப்பினாலும் படம் வராமல் கடையின் பெயர் மட்டுமே தெரிகிறது. ரியாக்ட் பக்கங்களைச் சர்வரிலேயே உருவாக்கித் தரும் நெக்ஸ்ட்ஜேஎஸ் போன்ற ஒன்றுக்கு மாற வேண்டுமா, இருப்பதைத் திருத்தினால் போதுமா?

கோவை_நிரலர்:

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் சர்வர் அனுப்புவது ஏறக்குறைய வெற்று ஹெச்டிஎம்எல் (பக்கத்தின் எழுத்தையும் படத்தையும் குறிக்கும் கோப்பு). ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, ஓடி, பொருளின் விவரத்தை மறுபடியும் சர்வரிடம் கேட்டு வாங்கிய பிறகுதான் பக்கத்தில் ஏதாவது தெரியத் தொடங்குகிறது. பழைய கைப்பேசியில் இந்த ஒவ்வொரு படிக்கும் நேரம் பிடிக்கும். வாட்ஸ்அப்போ ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை. முதலில் வந்த ஹெச்டிஎம்எல்லில் உள்ள ஓபன் கிராஃப் குறிச்சொற்களைப் படித்துத்தான் முன்னோட்டப் படத்தையும் தலைப்பையும் காட்டுகிறது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஹெச்டிஎம்எல் போவதால், எல்லா இணைப்புக்கும் கடையின் பெயரே வருகிறது.

ஆகவே பொருள் பக்கம் ஒவ்வொன்றும் பெயர், விலை, படம் ஆகியவற்றோடு முழுதாக எழுதப்பட்டே சர்வரிலிருந்து வர வேண்டும். நெக்ஸ்ட்ஜேஎஸ் அதைச் செய்யும். ஆனால் 140 பொருள்களுக்கு, விலை மாறும்போதெல்லாம் பக்கங்களை முன்கூட்டியே ஹெச்டிஎம்எல் கோப்புகளாக உருவாக்கி வைத்தாலே போதும். என்னைக் கேட்டால், கூடைக்கும் அளவு தேர்வுக்கும் மட்டும் ரியாக்டை வைத்துக்கொள்வேன்.

தறிச்சத்தம்:

வேர் ஒன்றுதான் என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. பக்கத்தை சர்வரிலிருந்து அனுப்பினாலும், படங்கள் கேமராவிலிருந்து வந்தபடியே கிடந்தால் பெரியம்மா அப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் படம் ஒவ்வொன்றும் எத்தனை எம்பி?

பவானிக்கரை:

ஏறக்குறைய 4 எம்பி, ஐயா. நெசவின் நயம் தெரிய வேண்டும் என்று குறைக்காமல் விட்டுவிட்டேன்.

தறிச்சத்தம்:

நினைத்தேன். பக்கத்தின் முதன்மையான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்று கூகுள் அளவு வைத்திருக்கிறது. இந்தப் படங்களோடு அதை எட்டுவது கடினம். ஒவ்வொரு படத்தையும் 400, 800, 1600 பிக்சல் அகலங்களில் வைத்து, திரைக்கு ஏற்றதை பிரவுசரே தேர்ந்துகொள்ள விடுங்கள். நீள அகலத்தை ஹெச்டிஎம்எல்லிலேயே குறித்துவிட்டால், படம் வரும்போது பக்கம் குதிக்காது. கீழே உள்ள படங்களைத் தாமதமாக ஏற்றலாம். முதல் படத்தை மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள். பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

ஜமக்காளத்துக்கென்று ஒரு தனிக் கவனம் வேண்டும். ஜேபெக் படங்கள் பெரும்பாலும் வெளிச்ச விவரத்தை முழுதாகவும், நிற விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் சேமிக்கின்றன. முகம், மரம், வானம் போன்றவற்றில் அது கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக் கோட்டை அடுத்துப் பச்சைக் கோடு ஓடும் பவானி ஜமக்காளத்தில் ஓரங்கள் கலங்கிச் சாயம் இறங்கியதுபோல் ஆகிவிடும். தரம் குறைத்துச் சுருக்கும் வெப்பி (WebP) பட வடிவில் இதை முழுதாகத் தவிர்க்க வழி இல்லை. ஏவிஃப் (AVIF) வடிவில், நிற விவரத்தையும் குறைக்காமல் சேமிக்கும் 4:4:4 அமைப்பைத் தேர்ந்தால் கோடுகள் தெளிவாக நிற்கும். அதைக் காட்டாத பழைய பிரவுசர்களுக்கு, அதே அமைப்பில் ஒரு ஜேபெக்கையும் சேர்த்து வையுங்கள்.

திருப்பூர்_சரக்கு:

உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். கூடையில் பொருளின் விலையையும் பிரவுசரிலேயே சேமிக்கிறீர்கள். அந்த விலையை 10 ரூபாய் என்று மாற்றினேன், பணம் செலுத்தும் பக்கம் அதையே காட்டியது. பணம் கட்டவில்லை, அஞ்ச வேண்டாம். பொருள் எண், அளவு, எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும் பிரவுசரில் வைத்து, விலையை ஒவ்வொரு முறையும் சர்வரே கணக்கிடும்படி மாற்றுங்கள்.

இன்னொன்று. பொருளுக்கு மேலே "இன்னும் 10 நிமிடம் மட்டுமே" என்று ஓடும் கடிகாரம், பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடியும் 10 நிமிடத்திலிருந்தே தொடங்குகிறது. வாங்கிய வார்ப்புருவோடு வந்ததாக இருக்கலாம். இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதையும், கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பதையும் மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சோதனைக்காக 12 பொருள்களின் பக்கங்களை மட்டும் ஹெச்டிஎம்எல்லாக உருவாக்கி, படங்களையும் மாற்றிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் படமும் விலையும் வருகின்றன. அந்தியூரிலிருந்து பெரியம்மா தாமே இணைப்பைத் திறந்து, சிவப்பில் வேறு கரை இருக்கிறதா என்று கேட்டார். விலைக் கணக்கைச் சர்வருக்கு மாற்றி முடிக்கும்வரை பணம் செலுத்தும் பொத்தானை நிறுத்தி வைத்திருக்கிறேன். கடிகாரத்தை நேற்றே எடுத்துவிட்டேன்; அது இருந்தால்தான் விற்கும் என்று சொல்லிச் சேர்த்த என் தம்பி இன்னும் சரியாகப் பேசவில்லை.