புதுப்பிப்பு: கும்பகோணத்து ஓட்டு வீட்டுக்கான கடன்

கூரை சரிந்து பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடொன்றை 28 லட்சத்துக்கு வாங்க வங்கிக் கடன் கிடைக்குமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன்; அதன் தொடர்ச்சி இது.

முதலில் அணுகிய வங்கியின் மதிப்பீட்டாளர், கட்டடத்துக்கு எந்த மதிப்பும் தராமல் மனைக்கு மட்டும் 22 லட்சம் என்று எழுதியதால், அதில் 80 சதவீதமான 17.6 லட்சம்தான் கடனாகக் கிடைக்கும் என்றார்கள். மீதி 10.4 லட்சத்துடன், முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 2.52 லட்சமும், கைப்பணமாகவே தர வேண்டியிருந்தது. முற்றத்துத் தேக்குத் தூண்கள் கணக்கிலேயே வராதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆகவே, அந்தக் கேள்விக்குப் பதிலாக நீங்கள் சொன்னபடி, வேறொரு வங்கியில் வாங்கவும் புதுப்பிக்கவும் சேர்த்து ஒரே கடனாக விண்ணப்பித்தேன். பொறியாளரின் செலவு மதிப்பீட்டையும் சொத்தின் மீது முந்தைய அடமானமோ விற்பனையோ பதிவாகியுள்ளதா என்று காட்டும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் பார்த்தபின் ஒப்புதல் தந்துவிட்டனர். புதுப்பிப்புத் தொகை, முடிந்த வேலையை நேரில் பார்த்துச் சான்றளித்த பிறகே தவணைகளாக வரும் என்பதால், கூரை வேலையின் தொடக்கச் செலவை நாமே போட வேண்டும். அதற்கெனத் தனியாகப் பணம் ஒதுக்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். வீட்டை விற்பவர்களில், வெளியூரில் இருக்கும் வாரிசு ஒருவர் வந்து கையெழுத்திட்டதும் கிரயப் பத்திரம் பதிவாகும்.