கொம்புத் திருக்கை அருகிவர, கோரை மட்டும் அழியாதிருப்பது ஏன்?

தங்கச்சிமடம் பதியன்காரர்:
வணக்கம். எங்கள் மல்லிகைப் பதியன் பாத்திகளில் எத்தனை முறை களையெடுத்தாலும் சில நாட்களில் கோரை மீண்டும் தலைகாட்டிவிடுகிறது. ஆனால், பெருங்கடல்களெங்கும் உலவும் மேன்டா எனும் பெரிய கொம்புத் திருக்கையோ 2020 முதல் அழியும் அபாயத்திலுள்ள உயிரினமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் மனிதன்தான் அகற்றுகிறான்; விளைவு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

பாம்பன் வாசி:
மீன் என்றாலே லட்சக்கணக்கில் முட்டையிடும் என்ற எண்ணம் திருக்கைக்குப் பொருந்தாது, ஐயா. மேன்டாவின் குட்டி தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, கருப்பைச் சுவர் சுரக்கும் பால் போன்ற திரவத்தை உண்டு, ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, சிறகுகளைச் சுருட்டிக்கொண்டு பிறக்கிறது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான்; அடுத்த ஈற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். போதாக்குறைக்கு, செவுள் தகடுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில் கிராக்கி இருக்கிறது. அதனால்தான் 2013இல் இவற்றின் பன்னாட்டு வணிகத்தை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

பரமக்குடி விவசாயி:
கோரையின் கதையே வேறு. செடியைப் பிடித்து இழுத்தால், நூல் போன்ற தண்டு மண்ணுக்குள் அறுந்து, மணமுள்ள கரிய கிழங்கு அடியிலேயே தங்கிவிடும். அக்கிழங்குகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும்வரை பல உறங்கிக்கிடக்கும். களைக்கொட்டு அத்தொடரைத் துண்டித்ததும் அவையும் முளைக்கும். இணையும் வேண்டாம், விதையும் பெரிதாக வேண்டாம். களையெடுப்பதாக எண்ணி நாமே பெருக்கிவிடுகிறோம் என்பதுதான் வேடிக்கை! கோடை உழவில் கிழங்கைப் புரட்டி வெயிலில் காயவிடுவதே ஓரளவு பலன் தருகிறது.

பதியன்காரர்:
நன்றி. அப்படியானால், ஆண்டுதோறும் விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் திருக்கைக்குப் போதுமான ஓய்வைத் தராதா?

பாம்பன் வாசி:
கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள், விரைவில் வளர்ந்து பெருகும் இறாலுக்குப் பெரிதும் உதவலாம். ஓராண்டு சூல்கொள்ளும் உயிருக்கு அது எம்மாத்திரம்? மேலும், தடை விசைப்படகுகளுக்கே. நாட்டுப்படகுகளின் வலைகள் அப்போதும் கடலில்தான் இருக்கின்றன. மீனவரைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை, பெரும்பாலும் திருக்கை தற்செயலாகவே சிக்குகிறது. கோரையைப் போல் அடியில் இருப்பு வைத்திராத இந்த இனத்தில் ஒரு பெண் திருக்கை போனால், அதன் இடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும். ஆகவே உயிரோடு சிக்கியதைச் செவுள் பிளவிலோ தலைக்கொம்பிலோ கொக்கி மாட்டி இழுக்காமல், நீருக்குள்ளேயே வைத்து வலையை அறுத்து விடுவிப்பதே நல்லது. வலைக்கு ஏற்படும் இழப்பை யார் ஈடுசெய்வது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அது நடக்கும்.