மறுமொழி: டி.பி.எம்.எஸ். விளக்குக்குத் தமிழ்ச் சொல் – ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். காரில் டயரின் காற்றைக் கண்காணிக்கும் கருவிதான் டி.பி.எம்.எஸ். அதற்கும் அதன் எச்சரிக்கை விளக்குக்கும் நம் துண்டறிக்கையில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> 'டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு' என்று வைத்துவிடலாம். விளக்குக்கு 'டயர் அழுத்த எச்சரிக்கை'. இதில் பேச என்ன இருக்கிறது?

பேச நிறைய இருக்கிறது ஐயா. விளக்கு ஒன்றுதான், அது சொல்லும் சேதி இரண்டு. இங்கிலாந்தில் கார் பட்டறையில் வேலை பார்க்கிற எனக்கு இது தினப்படி விவகாரம். 'டயர் அழுத்த எச்சரிக்கை' என்று ஒரே பெயர் வைத்தால் இரண்டில் ஒரு சேதி காணாமல் போய்விடும். அப்படிப் போவது, ஆண்டுச் சோதனையில் காரைத் தோற்க வைக்கிற சேதி.

விளக்கைப் பார்த்திராதவர்களுக்காக: மஞ்சள் நிறம், லாடம் போல வளைந்த டயரின் குறுக்குவெட்டு, அடியில் பல் பல்லாக இருக்கும், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. சாவியைத் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு எரிந்து அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்று எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. அப்படி இல்லாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மின்னி மின்னி, அப்புறம் நின்று எரிந்தால், பெரும்பாலான கார்களில் அதற்கு வேறு பொருள்: டயரில் காற்று சரியாகவே இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கருவிதான் கெட்டிருக்கிறது. வண்டியைக் கிளப்பி இரண்டு நிமிடம் கழித்து விளக்கைக் கவனிப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதனால் என்ன ஆகிறது? பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவர் காருக்கு 32 பவுண்டு காற்று போதும். அளந்தால் நான்கு டயரிலும் 44. "காத்து வார்னிங்னு சொன்னாங்க தம்பி. நானும் அடிச்சுக்கிட்டே இருக்கேன், அணைய மாட்டேங்குது" என்றார். டயர்களின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருந்தது, ஓரங்களில் பூ அப்படியே இருந்தது. வலது பின் சக்கரத்துக்குள் இருந்த சென்சாரின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவர் காதில் விழுந்த பெயர் 'காற்று எச்சரிக்கை' என்பதால் காற்றை அடித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எம்.ஓ.டி. எனப்படும் அந்த ஆண்டுச் சோதனைக்கு வருவோம். பிரிட்டனில் கார் மூன்று வயதானதும் முதல் சோதனை, அப்புறம் ஆண்டுதோறும் (வட அயர்லாந்தில் நான்கு வயதில்தான் தொடங்குகிறது). 2012 ஜனவரி 1 முதல் புழக்கத்துக்கு வந்த கார்களில் இந்தக் கருவியையும் பார்க்கிறார்கள். சோதகருக்கான கையேடு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: விளக்கு கருவியின் கோளாறைக் காட்டுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தோல்வி, காற்று குறைவு என்று மட்டும் காட்டினால், அந்த விளக்குக்காகக் காரைத் தோல்வியடையச் செய்யக் கூடாது. ஆங்கிலத்தில் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததை, இங்குள்ள நம் மக்களுக்கு நாம் போடப்போகும் துண்டறிக்கையில் ஒரே சொல்லால் மூடிவிட்டால் அது யாருக்கு உதவும்?

> 'அழுத்தம்' இல்லாமல் எப்படி? இயற்பியலில் அதுதானே சொல்?

இயற்பியலில் அதேதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் யாரும் "டயரில் அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்பதில்லை. "காத்து எவ்வளவு வைக்க?" என்பதுதான் கேள்வி, "முன்னாடி முப்பது, பின்னாடி முப்பத்திரண்டு" என்பதுதான் பதில். பி.எஸ்.ஐ. என்ற அழுத்த அலகைப் 'பவுண்டு' ஆக்கி எப்போதோ தமிழாக்கிவிட்டார்கள். (ஐரோப்பியக் கார்களின் கதவோரம் ஒட்டிய தாளில் 'பார்' கணக்கும் இருக்கும், 2.2 பார் என்றால் ஏறக்குறைய 32 பவுண்டு.) ஆகவே டயரைப் பொறுத்தவரை 'காற்று' என்ற சொல்லே அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

டயருக்கு 'வட்டை', 'உருளிப்பட்டை' என்று வந்த யோசனைகளையும் படித்தேன். மாட்டுவண்டிச் சக்கரத்தில் வட்டை என்பது ஆரக்கால்கள் போய்ச் சேரும் மரவளையம். அதற்கு மேல் மாட்டும் இரும்பு வளையம்தான் பட்டா. அழகான சொற்கள், அவை வண்டிச் சக்கரத்துக்கே இருக்கட்டும். டயர் என்பதை விட்டுவிடலாம். யாழ்ப்பாணத்து உறவுகள் 'ரயர்' என்று எழுதட்டும், துண்டறிக்கையில் இரண்டு வடிவமும் வரட்டும். வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஒரு தெருப்பெயர்தான் நம் ஊரில் ஸ்டெப்னி ஆகி நிலைத்திருக்கிறது. பிரிட்டனில் இன்று பேசினால் புரிகிறவர்கள் குறைவு. சொல் அப்படியும் வேர்விடும்.

அடுத்தது, இந்தக் கருவியின் இரண்டு வகைகளை வரைவில் நேரடி வகை, மறைமுக வகை என்று மொழிபெயர்த்திருப்பது. 'மறைமுகம்' என்றால் ஏதோ ஒளித்துச் செய்வது போல ஒலிக்கிறது. நடப்பது வேறு. முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், பெரும்பாலும் வால்வின் அடியில், ஒரு சென்சார் உட்கார்ந்து காற்றை அளந்து வானொலி அலையில் அனுப்புகிறது. அதன் பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டது. ஐந்து முதல் பத்து ஆண்டு தாங்கும். தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்ற புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்றைக் கவனிக்க ஏதாவது ஒரு வகை கட்டாயம் என்பதால், இப்போது பட்டறைகளில் மின்னுகிற விளக்குகள் கூடிக்கொண்டே வருகின்றன. இரண்டாவது வகையில் டயருக்குள் ஒன்றுமே இல்லை. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்துப்போவதால் கூடுதலாகச் சுழலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சார்கள் அந்த வேறுபாட்டைப் பிடித்துவிடும். ஆக, ஒன்று அளந்து அறிகிறது, மற்றொன்று கணித்து அறிகிறது. 'அளந்தறி', 'கணித்தறி' என்று வினைத்தொகையாகவே வைத்துக்கொள்ளலாமே.

என் முன்மொழிவு இது. முழுக் கருவிக்கும் 'காற்றுக்காவல்'. நின்று எரியும் விளக்கு 'காற்றுக்குறை' விளக்கு. மின்னிவிட்டு நிற்பது 'காவல்கோளாறு' விளக்கு. சொல்லிப் பாருங்கள்: "காற்றுக்குறை என்றால் காற்றடி, காவல்கோளாறு என்றால் பட்டறைக்குப் போ." அந்தப் பெரியவருக்கு இந்த ஒரு வரி கிடைத்திருந்தால் நான்கு டயர்களும் தப்பியிருக்கும். 'காவல்' காவல்துறையை நினைவூட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வயலுக்கும் வீட்டுக்கும் காவல் வைத்த சொல் அது, காவல்துறைக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட வேண்டியதில்லை.

குளிரைப் பற்றியும் துண்டறிக்கையில் ஒரு வரி வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு செல்சியஸ் இறங்கினால் டயரில் ஏறக்குறைய ஒரு பவுண்டு குறையும். இலையுதிர்காலத்தில் 20 பாகையில் 32 பவுண்டு வைத்த டயர், உறைபனிக் காலையில் 29 பவுண்டுக்குக் கீழே நிற்கும். அதற்கு மட்டும் விளக்கு எரிந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருந்தால் மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். அதைக் கோளாறு என்று எண்ணிச் செலவு செய்யவும் வேண்டாம். ஓடிச் சூடாகாத டயரில் அளந்து, கதவோரத் தாளில் உள்ள அளவுக்கு நிரப்பினால் போதும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் உங்கள் உதவி வேண்டும். காற்றடித்த பிறகு பொத்தானை அழுத்தி 'ரீசெட்' செய்வதைத் துண்டறிக்கை வரைவில் 'விளக்கை அணைத்தல்' என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். கணித்தறி வகையில் அந்தப் பொத்தானை அழுத்தினால், இப்போது டயரில் இருக்கும் காற்றே சரியான அளவு என்று கார் எடுத்துக்கொள்ளும். காற்றடிக்காமல் அழுத்தினால் குறைந்த காற்றே சரி என்றாகிவிடும், அப்புறம் விளக்கு வர வேண்டிய நேரத்தில் வராது. காற்றடித்த பிறகு செய்வது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். நான் யோசித்தது 'காற்றளவு பதிதல்'. ஆனால் இது வாகனப் பதிவோடு குழம்பும் என்று தோன்றுகிறது. 'அளவு நிறுத்தல்' சரியாக வருமா? ஈழத்து நண்பர்கள் பட்டறைகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஹாரோவிலிருந்து