பழைய லாரி இன்ஜின் ஆயில் லீக்: பேக் ஆயில் சீல்தானா, வேறு இடமா?

கேள்வி

வண்டி பழைய 6 சிலிண்டர் டர்போ டீசல் லாரி, ஏர் பிரேக். ஆயில் 15டபிள்யூ-40, ஃபில்டரோடு சேர்த்து 12 லிட்டர் பிடிக்கும். இப்போது 1000 கி.மீ.க்கு 1 லிட்டருக்கு மேல் டாப்-அப் கேட்கிறது. சைலன்ஸரில் நீலப் புகை இல்லை. ராத்திரி நிறுத்தினால் பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) கீழே உள்ளங்கை அளவு கறை. ஆனால் ஓடி வந்து நின்றதும் பார்த்தால் இன்ஜின் பின்பாதி, சேம்பரின் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பின் ஓரம், கியர்பாக்ஸ் முன்பக்கம் எல்லாம் நனைந்து கிடக்கிறது. பேக் ஆயில் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்குவதற்கு முன்னால் உறுதி செய்துகொள்ள என்ன வழி?

பதில் 1

உங்கள் கணக்கே ஒரு விஷயம் சொல்கிறது. சுமார் 20 முதல் 30 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி. உள்ளங்கை அளவு கறை என்பது சில மி.லி.தான். அப்படியானால் அந்த ஒரு லிட்டர் நிற்கும்போது போகவில்லை, ஓடும்போது போகிறது. பேக் சீலுக்குப் பின்னால் பம்ப் பிரஷர் கிடையாது. கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இன்ஜின் கீழ்ப்பகுதி) தெறிக்கும் ஆயிலைத்தான் அது தடுக்கிறது. ஓடும்போது மட்டும் இவ்வளவு போனால் முதல் சந்தேகம் பிரஷர் லைன்கள் மேல் வரவேண்டும்: ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப், ஏர் பிரேக் கம்ப்ரஸருக்குப் போகும் பைப், ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் கூலர் பேக்கிங். இன்னொன்று, ப்ரீதர் (கிராங்க் கேஸ் காற்று வெளியேறும் வழி) அடைத்து பேக் கம்ப்ரஷன் (பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் கேஸ்) உள்ளேயே தங்கி ஆயிலை வெளியே தள்ளுவது.

நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். சொட்டுவதை விரலில் எடுத்து முகருங்கள். கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் கியர் ஆயில், பிரச்சினையே வேறு. ஏர் டேங்க் ட்ரெய்னைத் திறந்தால் தண்ணீரோடு ஆயில் வருகிறதா? கம்ப்ரஸர் ரிங் தேய்ந்தால் லீக்கே இல்லாமல் ஆயில் அந்த வழியாகப் போய்விடும். ஐடிலில் ஃபில்லர் மூடியை (ஆயில் ஊற்றும் இடத்து மூடி) திறந்தால் எப்படி ஊதுகிறது? பெல் ஹவுசிங் அடியில் உள்ள ஓட்டை உள்ளிருந்து நனைகிறதா, வெளிப்பக்கம் மட்டுமா?

கேட்டவர்

இன்ஜின் ஆயில்தான், கியர் ஆயில் வாடை இல்லை. ஏர் டேங்கில் தண்ணீர் மட்டும். மூடியைத் திறந்தால் விட்டுவிட்டு ஊதுகிறது, மூடியை மேலே சும்மா வைத்தால் ஆடுகிறது. ப்ரீதர் ஹோஸ் ஊறிப்போய் நடுவில் தட்டையாகிக் கிடக்கிறது, வாயில் கறுப்பு கசடு. பெல் ஹவுசிங் ஓட்டை ஓரம் ஈரமாக இருக்கிறது. உள்ளே எப்படி என்று தெரியவில்லை.

பதில் 2

கழுவாமல் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆயில் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னால் அடிக்கும். அதனால் எந்த இடத்தில் லீக் இருந்தாலும் கடைசியில் பெல் ஹவுசிங்கில்தான் வந்து சேரும். பேக் சீல் மேல் வீண்பழி விழுவது இதனால்தான்.

இன்ஜின் ஆறிய பிறகு டிகிரீஸர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வயர் கனெக்டர்களை பாலிதீன் போட்டு மூடிவிட்டுக் குறைந்த பிரஷரில் தண்ணீர் விடுங்கள். ஏர் அடித்து முழுக்கக் காய வையுங்கள். பிறகு இன்ஜின் ஆயிலுக்கான யூவி டை (புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) வாங்கி ஆயிலில் ஊற்றுங்கள். ஏசி கேஸுக்கான டை வேண்டாம். பொதுவாக 4 லிட்டருக்கு 30 மி.லி., உங்கள் 12 லிட்டருக்கு 90 மி.லி. இருந்தாலும் டப்பாவில் போட்டிருக்கும் அளவே முடிவு. ஐடிலில் 15 நிமிஷம் விட்டு ஒரு முறை பாருங்கள், பிறகு லோடோடு ஓட்டி வந்து இருட்டில் யூவி டார்ச் அடியுங்கள். டையோடு வரும் மஞ்சள் கண்ணாடி போட்டால் பச்சை-மஞ்சள் தடம் பளிச்சென்று தெரியும்.

தடத்தின் அடியைப் பார்க்காதீர்கள், மேல் நுனியைத் தேடுங்கள். நனைந்த இடத்திலேயே உயரமான புள்ளிதான் லீக் ஆகும் இடம். பிரஷர் ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றி உள்ளேயும் டார்ச் அடியுங்கள்.

டை கிடைக்காவிட்டால், கழுவிக் காய்ந்த இடத்தில் டால்கம் பவுடர் மெல்லிசாகத் தூவுங்கள். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டிவிடும். சந்தேகப்படும் ஓரிரு ஜாயின்ட்டுக்கு மட்டும்தான் இது உதவும்.

கேட்டவர்

டை போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு இடம் ஒளிர்கிறது. டேப்பெட் கவரின் (இன்ஜின் மேலே வால்வுகளை மூடும் கவர்) பின் மூலையிலிருந்து பிளாக்கின் முதுகு வழியாக பெல் ஹவுசிங் மேல் வழிந்த தடம். இன்னொன்று பிரஷர் ஸ்விட்ச்: கனெக்டருக்குள் பின்னை (உலோக முள்) சுற்றி ஆயில், அதற்குக் கீழே சேம்பர் வரை தடம். டர்போ பைப்கள், ஃபில்டர், கூலர் எல்லாம் காய்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ப்ளைவீல் முகம் காய்ந்திருக்கிறது, ஹவுசிங் அடியில் மட்டும் லேசான ஈரம்.

பதில் 3

அப்படியானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். வரிசை முக்கியம்: முதலில் ப்ரீதர், பிறகு ஸ்விட்ச், கடைசியில் டேப்பெட் கவர். ப்ரீதரைச் சரிசெய்யாமல் புது பேக்கிங் போட்டால் அடுத்த பலவீனமான இடம் பார்த்து ஆயில் கிளம்பும்.

ப்ரீதர் ஹோஸைக் கழுவி மாட்டாதீர்கள். ஊறிய ரப்பர் சூட்டில் மறுபடி தட்டையாகும். ஆயில் தாங்கும் புது ஹோஸ், அதே உள்விட்டத்தில், மடிப்பு விழாமல் போடுங்கள். ப்ரீதர் டப்பாவில் கம்பி வலை இருந்தால் டீசலில் ஊறப்போட்டு ஏர் அடியுங்கள்.

ஸ்விட்ச் உள்ளே டயஃப்ரம் (பிரஷரைத் தாங்கும் மெல்லிய தகடு) கிழிந்தால் கனெக்டர் முள் வழியாக ஆயில் வரும். ஓடும்போது முழு பிரஷரும் அங்கே இருப்பதால் உங்கள் ஒரு லிட்டரில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. ஒற்றை வயர் ஸ்விட்ச்சுக்கு எர்த் மரை வழியாகத்தான் போகிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் எர்த் விட்டுப்போகலாம், டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள்ளும் போகலாம். வாஷர் வகையானால் புது காப்பர் வாஷர் போதும். டேப்பர் மரையானால் திரவ சீலன்ட் ஒரு துளி, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

டேப்பெட் கவர் தகரக் கவரானால் போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்வாங்கியிருக்கும். யாரோ லீக்கை நிறுத்த இறுக்கிய வேலை அது. எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு போல்ட்டுக்கு நடுவே பேக்கிங் அமுங்காது. கவரைக் கழற்றி, தட்டையான கட்டையில் வைத்து, அந்த மேடுகளை மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். ஸ்டீல் ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். இரண்டு முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். ரப்பர் பேக்கிங் என்றால் பேஸ்ட் வேண்டாம், வழுக்கிப் பிதுங்கும். கார்க் என்றால் கவர் பக்கம் மட்டும் மெல்லிய பூச்சு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில் இறுக்குங்கள். கார்க்குக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கத்தில் நின்றுவிடலாம். உங்கள் இன்ஜின் மேனுவலில் உள்ள அளவு கிடைத்தால் அதையே வையுங்கள்.

சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உள்ளே பிதுங்கும் துண்டு உடைந்து சேம்பருக்கு இறங்கி சக்ஷன் ஜாலியை (ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள வலை) அடைக்கும். லீக்குக்கு வைத்தியம் பார்த்து பேரிங்கை இழக்கும் நிலை வரும்.

பதில் 1

மூடி ஆடுகிறது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். ப்ரீதரைச் சரிசெய்வதற்கு முன்னும் பிறகும் அளந்து பாருங்கள். பழைய ஃபில்லர் மூடி ஒன்றில் ஓட்டை போட்டு நிப்பிள் வைத்து, தெளிவான ஹோஸை யூ வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் நிரப்பி மாட்டினால் இரு பக்க உயர வித்தியாசம்தான் கிராங்க் கேஸ் பிரஷர். டிப்ஸ்டிக் குழாயில் மாட்டவேண்டாம். சில இன்ஜினில் அதன் அடிநுனி ஆயிலில் மூழ்கியிருக்கும், அளவு தப்பாக வரும். இரண்டு தடவையும் ஒரே ஆர்.பி.எம்.மில் எடுங்கள். இறங்கிவிட்டால் அடைப்புதான் காரணம். இறங்காவிட்டால் கம்ப்ரஸரைப் பாருங்கள்: ஏர் நிறைந்து கவர்னர் (ஏர் பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு) கட் ஆனதும் ஊதல் குறைந்தால் கம்ப்ரஸர் ரிங் வழியாகக் காற்று இறங்குகிறது. அதற்கும் குறையாவிட்டால் டர்போ சீல் அல்லது இன்ஜின் ரிங். அப்போது சிலிண்டர் வாரியாக கம்ப்ரஷன் எடுக்க வேண்டும்.

கேட்டவர்

மூன்றும் முடிந்தது. தண்ணீர் மட்ட வித்தியாசம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, மூடி ஆடுவதில்லை. டேப்பெட் கவரும் ஸ்விட்ச்சும் காய்ந்திருக்கின்றன, டாப்-அப்பும் கேட்கவில்லை. பெல் ஹவுசிங் ஓட்டையில் மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு. இதற்காகக் கியர்பாக்ஸ் இறக்கலாமா?

பதில் 4

அவசரம் இல்லை. ஹவுசிங்குக்குள் தேங்கிய பழைய ஆயில் வடிய நாளாகும். சமதரையில் நிறுத்தி 10 நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்துக் குறித்துவையுங்கள். மட்டம் இறங்காமலும் கிளட்ச் வழுக்காமலும் அதிராமலும் இருந்தால் அடுத்த கிளட்ச் வேலை வரை ஓட்டலாம்.

அன்று இறக்கும்போது பேக் சீலோடு கேம் ஷாஃப்ட்டின் பின் பிளக்கையும் பாருங்கள். ப்ளைவீலுக்குப் பின்னால் இருப்பதால் அந்த லீக் பேக் சீல் போலவே தெரியும். புது சீலின் உதடு ரப்பரானால் ஆயில் தடவி மாட்டவேண்டும். டெஃப்லான் உதடானால் கிராங்க்கையும் சீலையும் ஈரமில்லாமல் துடைத்து, கூட வரும் பிளாஸ்டிக் ஸ்லீவ் வழியாகத்தான் ஏற்றவேண்டும். இதை மாற்றிச் செய்தால் புது சீலும் ஒழுகும். கிராங்க்கில் நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் சீலைப் பழைய தடத்திலேயே உட்கார வைக்காதீர்கள்; ரிப்பேர் ஸ்லீவ் போடுங்கள். டயல் கேஜ் வைத்து கிராங்க் எண்ட் பிளேயும் (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவு) எடுத்துவிடுங்கள்; அது மேனுவல் அளவைத் தாண்டியிருந்தால் புது சீலும் சீக்கிரம் போகலாம். ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டை பெட்ரோலில் கழுவி மாட்டவேண்டாம், சூடானதும் உள்ளே இருக்கும் ஆயில் மறுபடி கசியும். புது பிளேட்தான் போடவேண்டும்.