செட்பேக்குக்கு "பின்னடைவு" வேண்டாமே, வேற சொல் இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம்,

முதல் தடவை வீடு கட்டுறவங்க அனுமதி வாங்குறது எப்படின்னு ஒரு சின்ன கையேடு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். பாதி சொல்லுக்குப் பிரச்சினையே இல்ல, மனை, வரைபடம், தளம், பணி நிறைவுச் சான்று எல்லாம் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, பிளான் அப்ரூவலை கட்டட அனுமதின்னு போட்டுட்டேன் (கட்டடமா கட்டிடமாங்கிற சண்டைய தயவுசெஞ்சு இந்த இழையில ஆரம்பிக்காதீங்க, தாங்காது). மாட்டிக்கிட்டது செட்பேக்ல தான். மனையோட எல்லையில இருந்து இவ்வளவு தூரம் உள்ள தள்ளித்தான் சுவர் எழுப்பணும்னு விதி சொல்லுதே, அந்த தூரம். சில இடத்துல "பின்னடைவு"ன்னு போட்டிருக்காங்க. "முன்பக்கப் பின்னடைவு 5 அடி"ன்னு டைப் அடிச்சுட்டு நானே சிரிச்சுட்டேன், ஏதோ தேர்தல் முடிவு மாதிரி இருக்கு. விலகல், ஒதுக்கம், பக்க இடைவெளி இதெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன், எது சரியா வரும்?

----------

> விலகல், ஒதுக்கம், பக்க இடைவெளி

தம்பி, மூணுமே வேண்டாம்னு தான் சொல்வேன், ஏன்னா வரைபடம் போடுற வேலையில நான் ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த மூணுலயும் எங்க இடிக்கும்னு தெரியும்.

விலகல் கண்டிப்பா கூடாது. அனுமதி வாங்குன வரைபடத்துல ஒண்ணு இருக்கும், கட்டுனது வேற மாதிரி இருக்கும், அந்த டீவியேஷனுக்குத் தான் விலகல்னு எழுதுறோம். இப்போ நோட்டீஸ்ல "பக்கவாட்டில் விலகல் 3 அடி"ன்னு வந்தா ஒழுங்கா 3 அடி விட்டிருக்கீங்கன்னு அர்த்தமா, 3 அடி மீறிட்டீங்கன்னு அர்த்தமா? ஒதுக்கம்னா உடனே ஒதுக்கீடு ஞாபகம் வருது, மனைப்பிரிவுல பூங்காவுக்கு ஒதுக்குற இடம் மாதிரி.

இடைவெளி கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுதான் மூணுலயும் ஆபத்தானது. இடைவெளின்னா ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கிறது, அதனால படிக்கிறவங்க என் சுவருக்கும் பக்கத்து வீட்டு சுவருக்கும் நடுவுலன்னு எடுத்துக்குவாங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரர் அவரோட மனையில 3 அடி விட்டிருந்ததையே தனக்கும் கணக்குல எடுத்துக்கிட்டு, எல்லைய ஒட்டி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி கருங்கல்லு வரைக்கும் இறக்கிட்டாரு. அப்புறம் பார்க்க வந்தவங்க சொன்ன பிறகு அத மூடிட்டு உள்ள தள்ளி திரும்பத் தோண்டுனாரு. அவங்கவங்க மனை எல்லையில இருந்து தான் அளக்கணும், ரெண்டு பேரும் 3 அடி விட்டா சுவருக்கு சுவர் 6 அடி வரும். அந்த சொல்லே இத சொல்லணும்.

சரி, கொத்தனார் என்ன சொல்றாருன்னு கேட்டுப் பாருங்க. "இந்தப் பக்கம் மூணடி விடணும் சார்", "பின்னாடி எவ்வளவு விட்டுருக்கீங்க", அவ்வளவுதான். எல்லாத்துக்கும் அவருக்கு வினை ஒண்ணே ஒண்ணு, விடு. நாம எதுக்கு வேற எங்கயோ தேடணும்? விடுவெளின்னு வைக்கலாம். முன் விடுவெளி, பின் விடுவெளி, பக்க விடுவெளி, மூலை மனையா இருந்து ரெண்டு பக்கம் தெரு இருந்தா தெருப்பக்க விடுவெளி. விடுமுறை, விடுகதை மாதிரி வினைத்தொகையா தானாவே உக்காந்துக்குது. கெடு கேடு ஆன மாதிரி, சுடு சூடு ஆன மாதிரி, விடு நீண்டு தான் வீடே வந்தது, அந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, ஆனா அதுக்காக மட்டும் சொல்லல.

----------

அக்கா, சொல் நல்லா இருக்கு, ஆனா ரெண்டு தடங்கல். ஒண்ணு, வேகமா படிச்சா விண்வெளின்னு தெரியுது :) அத விடுங்க, பழகிடும். ரெண்டாவது தான் முக்கியம். வெளின்னா பரப்பு, செட்பேக் தூரம். 30க்கு 40 மனைய எடுத்துக்குங்க, முன்னாடி 5, பின்னாடி 3, ரெண்டு பக்கமும் 3 அடி விடணும்னு ஒரு பேச்சுக்கு வச்சுப்போம். கட்ட கிடைக்கிறது 24க்கு 32, அதாவது 768 சதுர அடி. மிச்சம் 432 சதுர அடி காலி. இப்போ விடுவெளி எவ்வளவுன்னு கேட்டா 3ன்னு சொல்றதா, 432ன்னு சொல்றதா?

இதுல தளப்பரப்புக் குறியீடு (எஃப்எஸ்ஐ, எல்லா தளமும் சேர்த்து மனைப்பரப்புல எத்தனை மடங்கு கட்டலாங்கிற கணக்கு) வேற சேரும்போது ஜனங்க இன்னும் குழம்புறாங்க. 1.5ன்னா இந்த 1200 சதுர அடி மனைக்கு மொத்தம் 1800 கட்டலாம், ஆனா ஒரே தளத்துல 768க்கு மேல போக முடியாது, ரெண்டு தளத்துல 1536, மிச்சம் 264 மூணாவது தளத்துல தான், அதுவும் உயர விதி இடம் குடுத்தா. "1800 உண்டுன்னாங்களே, ஏன் கீழேயே பெருசா கட்டக்கூடாது"ன்னு கேக்காத ஆளே இல்ல. கையேட்டுல தூரத்துக்கும் பரப்புக்கும் தனித்தனி சொல் இருந்தா இந்த இடம் தெளிவாயிடும்.

----------

ரெண்டு பேருக்கும் நன்றி. தூரம் பரப்பு விஷயத்த நான் யோசிக்கவே இல்ல. அப்போ பரப்புக்கு விடுவெளி, தூரத்துக்கு விடுதூரம்னு வச்சுக்கலாமா? விடுவெளிக்கு உள்பக்கமா, சுவர் எழுப்பக்கூடிய கடைசிக் கோட்டுக்கு கட்டெல்லைன்னு போடலாம்னு தோணுது.

சாயங்காலம் எங்க மேஸ்திரிகிட்ட வரைவ படிச்சுக் காட்டுனேன். பின்னடைவுன்னதும் "யாருக்கு சார்?"னாரு. விடுதூரம்னதும் விளக்கம் எதுவும் கேக்கல, நேரா "சன்ஷேட் அதுக்குள்ள வரலாமா"ன்னு கேட்டாரு. சரியான கேள்வி தான், சுவர் வரக்கூடாத இடத்துல சன்ஷேட் ஒரு அளவு வரைக்கும் நீட்டிக்க பல விதிகள்ல இடம் இருக்கு, பால்கனிக்கும் வெளிப்படிக்கட்டுக்கும் கணக்கு வேற வேற. இப்படி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு பொதுச்சொல் வேணுமே. துருத்தல்னு எழுதுனா பல்லு ஞாபகம் வருது. நீட்டம்னு தற்காலிகமா போட்டு வச்சிருக்கேன், அக்கா நீங்க வரைபடத்துல என்ன எழுதுறீங்க?