11 குஞ்சில் மிஞ்சியது 2: அடுத்த அவயத்துக்குத் தாய்க்கோழியா, இன்குபேட்டரா?

கொல்லைப்புறம்: வணக்கம். திண்டுக்கல் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 8 சென்ட் இடம், சிறுவிடை நாட்டுக்கோழியில் 7 பெட்டை, ஒரு சேவல். தை மாதம் செவலைப் பெட்டைக்கு 12 முட்டை வைத்தேன், 21ஆம் நாள் 11 பொரித்தது, வீடே சந்தோஷப்பட்டது. மூன்றாம் நாள் தாயோடு வெளியில் திறந்து விட்டேன். இரண்டு வாரத்துக்குள் வைரி என்கிற வேட்டைப் பறவை நாலைத் தூக்கிவிட்டது, காக்கா இரண்டு, வேலியோரம் கீரி மூன்று. இப்போது கருப்பி என்ற இன்னொரு பெட்டை அவயத்துக்கு (அடைகாக்க) வந்து கூட்டை விட்டு எழாமல் கிடக்கிறது. மறுபடி அதையே நம்பி முட்டை வைக்கலாமா, இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் இயந்திரம்) வாங்கிவிடலாமா? தயவுசெய்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பண்ணைத்தம்பி: இன்குபேட்டரே வாங்குங்கள் அண்ணா. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை இடும், அப்புறம் 21 நாள் அடை, அதற்கு மேல் குஞ்சோடு இரண்டு மாதம் சுற்றும், அத்தனை நாளும் ஒரு முட்டை கிடையாது. முட்டையை இயந்திரத்தில் வைத்துவிட்டு அவயத்தைத் தெளிய வைத்தால் சில வாரத்திலேயே அடுத்த ஈடு தொடங்கிவிடும். வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றுங்கள், அவ்வளவுதான். பொரித்த குஞ்சை பல்பு போட்ட அடைப்பில் நாலு வாரம் வளர்த்தால் வைரியும் இல்லை காக்காவும் இல்லை.

வேப்பமரத்தடி: தம்பி, ஏழு கோழி வைத்திருப்பவருக்கு எதற்கு இயந்திரம்? எங்கள் ஊரில் கோடையில் மத்தியானம் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, இன்வெர்ட்டரும் வாங்கச் சொல்வீர்களா? நான் முப்பது வருஷமாகப் பெட்டையிடம்தான் முட்டையை விடுகிறேன். வைரியின் நிழல் விழுந்ததும் தாய் ஒரு குரல் கொடுக்கும் பாருங்கள், அந்தக் குரலுக்குக் குஞ்சுகள் செடிக்கடியில் அசையாமல் பதுங்கும். பல்பு வெளிச்சத்தில் வளர்ந்ததை ஒரு மாதம் கழித்து நான் வெளியில் விட்டபோது நடுக்களத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, அப்படியே தூக்கிக்கொண்டு போனது. இவர் வீட்டில் தப்பு கோழியுடையது இல்லை. மூன்றாம் நாள் குஞ்சை வெட்டவெளியில் விட்டதுதான் தப்பு. குறைந்தது மூன்று வாரம் பஞ்சாரத்தில் (மூங்கில் கூடை) கவிழ்த்து மரத்து நிழலில் வைத்திருக்க வேண்டும், தினமும் இடம் மாற்றி.

பண்ணைத்தம்பி: அக்கா, பஞ்சாரம் பகலுக்குச் சரி. ராத்திரிக்கு? போன வருஷம் எங்கள் தோட்டத்தில் மரநாய் ஒரே இரவில் ஆறு கோழியைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும்தான் தின்றிருந்தது. பஞ்சாரத்தைப் புரட்டிப்போட்டிருந்தது. காலையில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதிலிருந்துதான் எல்லாவற்றையும் மூடிய கொட்டகைக்கு மாற்றினேன்.

காவல்காரன்: இவ்வளவு பேச்சு எதற்கு, கீரிக்கும் மரநாய்க்கும் முட்டையில் விஷம் வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்தது.

வேப்பமரத்தடி: அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். கீரியும் மரநாயும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, கொன்றால் வழக்கு. அதோடு அந்த முட்டையை முதலில் தின்பது தெருநாயாக இருக்கும், இல்லை உங்கள் வீட்டுப் பூனையாக இருக்கும். எலியையும் பாம்பையும் பிடிக்கிற கீரியை ஒழித்துவிட்டு அப்புறம் முட்டை விழுங்க வருகிற பாம்புக்கு என்ன வைப்பீர்கள்?

பண்ணைத்தம்பி: இதில் அக்கா சொல்வதுதான் சரி. விஷம் வேண்டாம், கம்பி வலையைப் பாருங்கள். அறுகோணக் கோழிவலை வாங்காதீர்கள், நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், எலியும் சின்னப் பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள், கீழே ஓர் அடியாவது மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள், தோண்டி வருவது அங்கே முட்டி நின்றுவிடும். மேலேயும் மூட வேண்டும், மரநாய் ஏறத் தெரிந்தது.

மானாவாரி: இருவரும் ஒன்றைச் சொல்லவில்லை. இவருக்குப் பகலில்தான் இழப்பு, அதுவும் நாலு வைரி, இரண்டு காக்கா. முருங்கையும் ஆமணக்கும் நெருக்கி நட்டு அடியில் பதுங்க இடம் கொடுங்கள். எங்கள் கொல்லையில் கரிச்சான் குருவி கூடு கட்டிய வருஷம் காக்காவும் பருந்தும் அந்தப் பக்கமே வரவில்லை, அவ்வளவு சின்னக் குருவி துரத்தித் துரத்திக் கொத்தும். தென்னையில் அது கூடு கட்டியிருந்தால் அந்த மட்டையை வெட்டாதீர்கள்.

பண்ணைத்தம்பி: கரிச்சான் வருஷம் முழுக்கக் கூட்டில் இருக்காதே. கூடு இருக்கிற சில மாதம்தான் அந்தக் கோபம்.

மானாவாரி: அதனால்தான் முருங்கையை முதலில் சொன்னேன்.

கொல்லைப்புறம்: எல்லோருக்கும் நன்றி. இன்குபேட்டர் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன், பண்ணைத்தம்பி கோபித்துக்கொள்ளாதீர்கள். கருப்பியைப் பழைய விறகு அறையில் 10 முட்டையோடு உட்கார வைக்கிறேன், ஜன்னலுக்கும் கதவின் கீழ்ச் சந்துக்கும் அரை அங்குல வலை. குஞ்சுக்கு மூன்று வாரம் பஞ்சாரம், இரவில் எல்லாம் உள்ளே.

பண்ணைத்தம்பி: கோபமே இல்லை அண்ணா, ஆனால் முட்டை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டையை வைக்காதீர்கள், இந்த வெயிலுக்கு நாலைந்து நாளே போதும். குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. வைரி நாலைத்தான் தூக்கும், கழிச்சல் வந்தால் கூடே காலி.

வேப்பமரத்தடி: அடைக்கோழிக்குச் செல் என்கிற பேன் பிடிக்கும், உட்கார வைக்கும் முன் கூட்டில் மணலும் சாம்பலும் பரப்பி மேலே நொச்சி இலை போடுங்கள். தினம் ஒரு முறை தானாக இறங்கித் தீனி தின்று பெரிய எச்சம் போட்டுவிட்டு ஏறும், இறங்காவிட்டால் நீங்களே மெதுவாகத் தூக்கி விடுங்கள், காலுக்கடியில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், நரம்பு ஓடாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம்.

கொல்லைப்புறம்: இன்று சாயங்காலம் உட்கார வைக்கிறேன் அக்கா. ஏழாம் நாள் வந்து எத்தனை முட்டையில் கரு கூடியிருக்கிறது என்று இங்கேயே சொல்கிறேன்.